இரண்டு புள்ளி எட்டு

மண்டைக்குள் இரண்டு கம்பி.
காதுக்குப் பின்னால் வளைந்து
கழுத்துத் தோலுக்குக் கீழால் இறங்கி
காறை எலும்பின் அடியில்
நெருப்புப்பெட்டி அளவில் ஒரு பற்றறி.
குளிக்கும்போது விரல் தட்டுப்படும்.
சட்டை போட்டால் ஒருவருக்கும் தெரியாது.

வருசக்கணக்காய்க் கரண்ட் இல்லாத ஊரில்
ஜாம் போத்தல் விளக்கைத் தூக்கிப் பிடித்து
மருந்துகளின் பெயர் வாசித்தவன் நான்.
இப்போது கரண்ட் நின்றால்
கொக்குவில் முழுக்க இருட்டு,
என் தலைக்குள் மட்டும் நிற்காது.
யோகமலர் சிரிப்பாள்:
"உங்களில ஒரு பல்ப்பைக் கொழுவி விடட்டோ?"

முதலில் போனது நடுக்கமில்லாத ஒன்று.
வலது கையின் வீச்சு.
நல்லூர் வீதியில் சைக்கிளில் பின்னால் வந்தவள்
"ஏன் கையைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு
நடக்கிறியள்?" என்றாள்.
பொக்கற்றில் இல்லை.
வெளியேதான் தொங்கிக்கொண்டிருந்தது,
சாவி கொடுக்க மறந்த மணிக்கூட்டின் ஊசலாய்.

பிறகு அது ஆடத் தொடங்கியது,
நான் நடக்காத நேரமாய்ப் பார்த்து.

பாமசியில் இருபத்தொரு மாத்திரை எண்ண
முப்பது சிந்தியது.
ஒரு பெடியன் குனிந்து
மேசைக்கடியில் எல்லாம் பொறுக்கித் தந்து
"சரியாத்தான் இருக்கு ஐயா" என்றான்.
அவன் தாய்க்கு எழுதியிருந்தது
நான் விழுங்குகிற அதே மருந்து.
சொல்லவில்லை.

வங்கியில் மூன்று தரம் திருப்பினார்கள்.
தவபாலன் என்ற பெயர்
'த'வில் ஆளாய்ப் புறப்பட்டு
'ன்'னுக்குப் போவதற்குள்
எறும்பாகிவிட்டிருந்தது.

கொழும்பில் என்னை நித்திரையாக்கவில்லை.
தலையை ஒரு சட்டத்தில் இறுக்கி
துளையிட்ட பிறகு
கொஞ்சம் தமிழ் தெரிந்த டொக்டர் சொன்னார்:
"கையைத் தூக்கு."
மரியாதை விகுதி அவருக்குத் தெரியாது, பாவம்.
தூக்கினேன்.
இந்தச் சொல்லுக்கு இந்தக் கை
முன்பும் உயர்ந்திருக்கிறது,
முகமாலை வரிசையில்,
இரண்டு விரலிடையே அடையாள அட்டையோடு.
அன்று அது நடுங்கவில்லை.
நடுங்கினால் கேள்வி வரும்.

இங்கே நடுங்கலாம்.
நடுங்குவதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
கம்பி ஒரு மில்லிமீற்றர் கீழே.
யாரோ ஓர் எண்ணைக் கூட்டினார்.
தகரக் கூரையில் மழை நின்றபிறகுதான்
இவ்வளவு நேரமும் சத்தம் இருந்தது தெரியுமே,
அப்படி
நின்றது.

"என்ன மாதிரி இருக்கு?"
"என்ரை கை" என்றேன்.
வேறொன்றும் வாயில் வரவில்லை.
"இறக்கு" என்றார் டொக்டர்.
முகமாலையில் அதை யாரும் சொன்னதாய் நினைவில்லை.

கை வந்தது. குரல் கொஞ்சம் போனது.
எண்ணைக் கூட்டினால் கை தெளியும், சொல் குழையும்.
குறைத்தால் சொல் தெளியும்,
கை தன் பழைய வேலைக்குத் திரும்பும்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி இருக்கும் என்று
மூன்று மாதத்துக்கு ஒருக்கால் தேடுகிறார்கள்.

இரண்டு புள்ளி எட்டில்
வங்கி என்னை ஏற்றுக்கொண்டது.
இரண்டு புள்ளி எட்டில்
இருபத்தொன்று என்றால் இருபத்தொன்றுதான்.
ஆனால் போன கிழமை
இருமல் மருந்துக்கு வந்த ஒருத்தி
படியிறங்கும்போது புருசனிடம் கேட்டாள்:
"காலமையே குடிச்சிருக்கிறாரோ?"
அதற்குப் பிறகு
காலை ஒன்று, இரவு ஒன்று என்று
பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.
எழுத எனக்கு ஆசையாகவும் இருக்கிறது.

றிமோட் எனக்கும் ஒன்று தந்திருக்கிறார்கள்,
ஒரு வேலிக்குள்ளே கூட்டிக் குறைக்க.
யோகமலரோடு சண்டை பிடிக்க வேண்டிய நாளில்
இரண்டு புள்ளி இரண்டுக்கு இறக்குவேன்.
சொல் சொல்லாய் விழும்.
அவள் தம்பிக்குக் கொடுத்த காசு,
எனக்குச் சொல்லாமல் விற்ற சைக்கிள்,
ஒவ்வொன்றாய், எழுத்துப் பிசகாமல்.
கை மேசையில் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்.

முழுக்கக் கேட்பாள்.
கேட்டு முடித்து
றிமோட்டை என் பக்கம் தள்ளுவாள்:
"சரி, இனிக் கூட்டிப்போட்டுத்
தேத்தண்ணியைக் குடியுங்கோ. ஆறுது."

கூட்டுகிறேன்.
கோப்பை சத்தமில்லாமல் வாய்க்கு வருகிறது.
பதிலுக்கு இன்னும் ஒன்று இருந்தது,
நல்ல கூரான ஒன்று.
அது நாக்கில் குழைந்து
தேத்தண்ணியோடு இறங்குகிறது.